அமாவாசையன்று எரிந்த பச்சை

லக்ஷ்மிபாய் நகர், புது தில்லி
சனிக்கிழமை மத்தியானம்

அன்புள்ள ஸ்நேஹாவுக்கு அம்மாவின் ஆசிகள். இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் அந்த டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்கு ஏதாவது சூடாகச் சாப்பிட்டு, சுகமாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதைக் கையால் எழுதிப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். போனில் பேசினால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ பதில் தயாராக வைத்திருக்கிறாய், நானும் உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. இந்தப் பக்கங்களை நம் ஏ.ஐ. கருவியிடம் கொடுத்துச் சுருக்கித் தரச் சொல்லாதே, முழுவதையும் நீயே படி. நாளை காலை பதினொரு மணிக்கு நம் சங்கத்து ஜம்பு மாமா வீட்டில் கூட்டம். பட்டு மாமி வீட்டில் வேலை செய்யும் இளவரசியை நாளை எல்லோரும் சேர்ந்து வேலையிலிருந்து நிறுத்தப்போகிறார்கள். மாமியின் பிள்ளை அச்சுதன் அவள் மேல் போலீஸில் புகார் கொடுக்கப்போவதாகவும் சொல்லியிருக்கிறான். அதற்கு ஆதாரமாக அவன் கையில் இருப்பது நம் 'எழுந்தாச்சு' ஆப்பின் பதிவேட்டில் உள்ள ஒரே ஒரு வரி. அந்த வரி பொய் என்று நம் வீட்டு மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான், என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர் அப்பா. இன்னொருவர் யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

வீட்டுச் செய்திகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் எழுதத் தோன்றாது. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் நூற்றைம்பதில் நிற்கிறது. உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து ஊறுகாய் பாட்டிலை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன், அவர் ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கிறார். குவார்ட்டர்ஸில் மறுபடியும் குழாய் மாற்றுகிறார்கள், காலையில் அரை மணி நேரம்தான் தண்ணீர். நீ அனுப்பிய ஸ்வெட்டர் அவருக்குத் தோளில் இறுக்கம், ஆனாலும் ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போய் 'பேட்டி நே பேஜா', பெண் அனுப்பினாள் என்று எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்தார். நீ வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாய் என்று கேட்டதிலிருந்து மட்டும் அதிகம் பேசுவதில்லை. திங்கட்கிழமை நம் ஆப் எல்லா ஊர்க்காரர்களுக்கும் கிடைக்கும்படி வெளியாகிறது, சென்னையிலும் புனேயிலும் நானூறு குடும்பங்கள் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கின்றன, நீயும் உன் சிநேகிதர்கள் இரண்டு பேரும் நாலு மாதமாக இதற்காகவே உழைத்திருக்கிறீர்கள், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

நடந்ததில் பாதி உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எந்த இடத்தில் நான் தவறினேன் என்று எனக்கே தெரிகிறது. போன தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது உன் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேஜையில் திறந்து என் பக்கம் தள்ளினாய். 'அம்மா, உனக்கு என்ன வேணுமோ அதை மட்டும் சொல்லு, அது கட்டிக் குடுக்கும், கோடிங் எல்லாம் உனக்குத் தெரிய வேண்டாம்' என்றாய். எனக்கு என்ன வேண்டும் என்பது அன்றைக்கு ரொம்பத் தெளிவாக இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் நம் சங்கத்து மாமா ஒருவர் தனியாக இருந்த வீட்டில் இறந்துபோய், இரண்டு நாள் கழித்துப் பால்காரன் சொல்லி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிள்ளைகளை வெளிதேசத்துக்கு அனுப்பிவிட்டு தில்லியில் தனியாக இருக்கும் நம் பெரியவர்கள் காலையில் காபி குடித்ததும் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் பெயருக்கு எதிரே பச்சை. எட்டு மணிக்குள் அமுக்காவிட்டால் சிவப்பு, பக்கத்தில் இருக்கும் ஒருவருக்குச் செய்தி போகும், அவர் போய்க் கதவைத் தட்டுவார். அவ்வளவுதான் நான் கேட்டது. நான் சொல்லச் சொல்ல அது கட்டிக்கொண்டே போயிற்று. பி.காம். படித்துவிட்டு இருபத்து மூன்று வருஷமாக இந்த வீட்டைத் தவிர எதையும் நடத்தாதவள் நான். என் வார்த்தை ஒரு பிற்பகலில் பொத்தானாகி என் கையிலேயே வந்து உட்கார்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கார்த்திகை பிறப்பதற்குள் முப்பத்தெட்டு வீடுகள் சேர்ந்துவிட்டன.

ஜங்புராவில் இருக்கும் நான்கு வீடுகளுக்குக் கதவைத் தட்டும் ஆளாக நான் போட்டது இளவரசியை. நம் ஊர்க்காரர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப் இருந்தவரை ஐந்து நிமிஷம் நடந்தால் பட்டு மாமி வீட்டுக்கு வந்துவிடுவாள். அதை இடித்த பிறகு அவளுக்கு தில்லியின் வடகோடியில் நரேலாவில் இடம். இரண்டு பஸ், ஒரு மெட்ரோ, ஒரு வழிக்கு மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம். கூட இருந்தவர்கள் பாதிப் பேர் ஜங்புரா வேலையை விட்டுவிட்டார்கள், இவள் விடவில்லை. இந்த நான்கு வீடுகளை நம்பித்தான் அவள் குடும்பம் ஓடுகிறது. மாமி வீட்டில் மட்டும் பதினான்கு வருஷம். பச்சையோ சிவப்போ, எட்டு மணிக்கு அங்கே இருப்பாள்.

கோளாறு அமாவாசையில் ஆரம்பித்தது. அன்றைக்கு மாமாக்கள் ஸ்நானம் பண்ணி, மடியோடு தர்ப்பணம் முடிக்கும்வரை போனைத் தொடமாட்டார்கள், காபியும் கிடையாது. மாமிகள் பாதிப் பேர் சமையல் முடியும்வரை மடி. கார்த்திகை அமாவாசையன்று எட்டு மணிக்குப் பதினேழு வீடுகள் சிவப்பு. பதினேழு பேர் போய்ப் பதினேழு கதவுகளைத் தட்டினார்கள். ஜம்பு மாமா எள்ளும் தண்ணீருமாக உட்கார்ந்திருந்தபோது கீழ்வீட்டு சர்தார்ஜி 'அங்கிள்ஜி, டீக் ஹோ?', நன்றாக இருக்கிறீர்களா என்று கூவிக்கொண்டே உள்ளே ஓடிவந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டார். மாமா மறுபடியும் குளித்துவிட்டு சங்கல்பத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அன்று மத்தியானமே என்னைக் கூப்பிட்டு, 'காமாக்ஷி, நான் குடுக்கற பக்கம் இருக்கேனா, வாங்கற பக்கம் போயிட்டேனான்னு பித்ருக்களுக்கே குழப்பம் வந்துடுத்து, ஏதாவது பண்ணு' என்றார். நீயும் கேட்டுவிட்டுச் சிரித்தாய்.

உடனே கருவியில் எழுதினேன், அமாவாசையன்று யாரையும் தொந்தரவு செய்யாதே என்று. பஞ்சாங்கத்தைப் பார்த்து வருஷம் முழுவதற்கும் தேதி கொடுத்தேன். அது சரி என்றது. அந்த நாட்களில் செய்தி போகாது, அமுக்காதவர்களின் பெயருக்கு எதிரே எதுவும் காட்டாமல் வெறுமையாக விடுகிறேன், ஏனென்றால் அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது என்றது. அதை ஜம்பு மாமாவிடம் காட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. 'என்னம்மா இது, பேருக்கு எதிர்க்க வெறிச்சுன்னு? அதுவும் அமாவாசையன்னிக்கு? போய்ச் சேர்ந்தவா பேருக்குன்னா அப்படி விடுவா. பச்சையாவே இருந்துட்டுப் போகட்டுமே' என்றார். எனக்கும் அது சரி என்றே பட்டது. அரிசி தீர்ந்துபோனால் நம் வீட்டில் தீர்ந்துவிட்டது என்று வாயால் சொல்ல மாட்டோம், நிறைந்திருக்கிறது என்போம். கேட்கிற அப்பாவுக்குப் புரியும், பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார். அந்தப் பழக்கத்தில்தான் நான் அதனிடம் எழுதினேன், வெறுமையாக விடாதே, அன்றைக்கு விடியற்காலை நாலு மணிக்கே எல்லோருக்கும் பச்சை போட்டுவிடு என்று. அது திருப்பிக் கேட்டது. அப்படிச் செய்தால் உண்மையில் அமுக்கியவர் யார், அமுக்காதவர் யார் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, பரவாயில்லையா என்று. அதன் கீழே இன்னும் நாலைந்து வரிகள் இருந்தன. குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. படிக்காமலே 'பரவாயில்லை' என்று எழுதிவிட்டு வெளியிடும் பொத்தானை அமுக்கினேன். சாயங்காலம் நீ பார்த்துவிட்டு 'சூப்பர்மா, இப்போ ரொம்ப க்ளீனா இருக்கு' என்றாய். மார்கழி அமாவாசையன்று முப்பத்தெட்டும் பச்சை, தை அமாவாசையன்றும் அப்படியே. அதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பினேன், பெருமைதான். எல்லோரும் சௌக்கியம் என்று அது சொல்கிறது என்றே நானும் நினைக்க ஆரம்பித்துவிட்டேன். சொல்ல வைத்தது நான்தான் என்பது மறந்துபோயிற்று.

இந்தச் செவ்வாய் மாசி அமாவாசை. காலை ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்கு இளவரசி வீட்டிலிருந்து கூப்பிட்டாள். நேரம் சரியாகச் சொல்கிறேன், என் போனில் இன்னும் இருக்கிறது. 'அக்கா, பட்டம்மா எழுந்துட்டாங்க, பச்ச வந்துடுச்சு. பொண்ணு ஸ்கூல்ல மேடம் வரச் சொல்லியிருக்காங்க, புது ஸ்கூலு, இன்னிக்கும் போகலன்னா பேர எடுத்துருவாங்களாம். முடிச்சிட்டு பதினோரு மணிக்கா வந்துரட்டா?' என்றாள். நான் அப்பாவுக்கு எள்ளும் தர்ப்பையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். 'பச்சைன்னா சரி, நிதானமா வா, நான் பாத்துக்கறேன்' என்றேன். பிறகு அந்தப் பக்கமே நினைக்கவில்லை. மாமி அன்று காலை ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டு பக்கெட்டை வைக்க ஓடி, குளியலறை வாசற்படியில் கால் மடங்கி விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. போன் கூடத்தில். இளவரசி பதினொன்று இருபதுக்குத் தன்னிடம் இருந்த சாவியால் திறந்து உள்ளே போனபோது ஈரத் தரையில் ஆறு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருக்கிறார், இந்த தில்லிக் குளிரில். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தன் ஸ்வெட்டரைக் கழற்றி மாமிக்குப் போட்டுவிட்டு, உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே 'பட்டம்மா, என்னப் பாருங்க, தூங்காதீங்க' என்று பேசிக்கொண்டே இருந்தாளாம். மறுநாள் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது நெஞ்சில் சளி கட்டி ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். டாக்டர்கள் இன்னும் நிச்சயமாக ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். பட்டு மாமி பெயருக்கு நேரே நாலு மணி, 'தானாக' என்று இருந்தது. தானாக. என் கண்ணால் பார்த்தேன் ஸ்நேஹா. சாயங்காலம் உன்னிடம் அழுதேன். 'அம்மா, மொதல்ல மூச்சு விடு. யார்கிட்டயும் எதுவும் சொல்லாத, நான் பாக்கறேன்' என்றாய். எனக்கு அந்தச் சமயத்தில் அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? நானும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர், 'கேக்கறவரைக்கும் நீயா எதையும் எழுத்துல குடுக்காத' என்றார், முப்பது வருஷ ஆபீஸ் புத்தி.

வியாழக்கிழமை அச்சுதன் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கினான். அம்மாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவன் நேரே இளவரசியிடம் போனான். எல்லோர் எதிரிலும், 'எட்டு மணிக்கு வரவேண்டியவ பதினொன்றரைக்கு வந்திருக்க. எங்கம்மா செத்திருந்தா? எந்த வீட்டுல வேலை பாத்துட்டு வந்த, சொல்லு' என்று கத்தினான். அவனையும் குறை சொல்ல முடியவில்லை, மூன்று வருஷமாக ஊருக்கு வராதவன். இளவரசி என்னைத்தான் பார்த்தாள். நான் மாமியின் ரிப்போர்ட் கவரைக் கையில் வைத்துக்கொண்டு அதன் மேல் இருந்த எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்க அதில் ஒன்றுமே இல்லை, பெயரும் வயதும்தான். பிறகு அவன் என்னிடம் திரும்பி, 'அக்கா, உங்க ஆப்ல அன்னிக்கு ரெக்கார்டு இருக்குமே, காட்டுங்கோ' என்றான். சரி, இத்தோடு எல்லாம் தெரிந்துவிடும், நான் வாயால் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை என்று ஒரு கோழைத்தனமான நிம்மதியோடு திறந்து காட்டினேன். அதில் 'அவரே' என்று இருந்தது. நேரம் ஆறு நாற்பத்திரண்டு.

அவன் அதைப் படம் எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு எல்லாம் தானாகவே நடந்தது. ஆறு நாற்பத்திரண்டுக்கு மாமி நன்றாக இருந்து பொத்தானை அமுக்கியிருக்கிறார், அதற்கு அப்புறம்தான் விழுந்திருக்கிறார், இளவரசி வழக்கம்போல எட்டு மணிக்கு வந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் தூக்கியிருக்கலாம். ஜம்பு மாமா பழைய ஆபீஸ் வழக்கப்படி இதையெல்லாம் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார். ஐந்தாவது பத்தியில் வேலைக்காரியின் கவனக்குறைவு என்று இருக்கிறது. நான் நேற்று மாமியைப் பார்க்கப் போனேன். அவர் முகமூடியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, 'அஞ்சு மணின்னுதான் எனக்கு ஞாபகம்டீ காமு. இருட்டா இருந்துது. ஆனா அச்சு போன்ல காட்டறான், ஆறு நாப்பத்திரெண்டுன்னு போட்டிருக்கே. அப்போ நான் அமுக்கித்தான் இருக்கணும். புத்தி பேதலிச்சுப் போச்சு போல இருக்கு' என்றார். மாமி பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். ஆறு மணி நேரம் தரையில் கிடந்தும் தெளிவாக இருந்த ஒரு மனுஷி, இன்று தன் நினைவையே சந்தேகப்படுகிறார். எலும்பு கூடிவிடும். இது எப்படிக் கூடும் என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே படிக்கட்டில் இளவரசி உட்கார்ந்திருந்தாள், அவளை உள்ளே விட வேண்டாம் என்று அச்சுதன் சொல்லிவிட்டான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் போனில் சொன்னதை ஏன் அவள் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். 'சொன்னா யாருக்கா நம்புவாங்க? அதுல எழுதியிருக்கே. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டிருக்கேன், மூணு நாளா' என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பஸ் எப்போது வரும் என்று சொல்வது மாதிரிச் சொன்னாள். பிறகு, 'ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலக்கா. ஆறு அஞ்சுக்கு நான் பச்சயப் பாத்துட்டுத்தான உங்களுக்குப் போன் பண்ணேன். அந்தம்மா ஆறு நாப்பத்திரெண்டுக்கு அமுக்கினா நான் எப்படி அதுக்கு முன்னாடியே பாத்தேன்?' என்றாள். அவள் எட்டாவது வரை படித்தவள். நான் நாலு மாதமாக அந்த ஆப்பைக் கட்டுகிறவள். அவளுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்றவிடாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கருவியைத் திறந்தேன். நாம் அதனிடம் கேட்டதெல்லாம் வரிசையாக அதில் இருக்கும், நீ மறந்திருக்கலாம், அல்லது அம்மா அவ்வளவு தூரம் போய்ப் பார்க்க மாட்டாள் என்று நினைத்திருக்கலாம். புதன்கிழமை உன் பெயரில் ஒரு வேண்டுகோள். செவ்வாயன்று பட்டு மாமியின் பதிவை அவரே அமுக்கியதாக மாற்று, நேரத்தை அவர் வழக்கமாக அமுக்கும் நேரத்துக்கு ஒட்டிப் போடு. மாற்றுவதற்கு முன் அது உன்னை ஒரு கேள்வி கேட்டிருக்கிறது, அன்று அவர் உண்மையில் அமுக்கினாரா என்று. நீ 'ஆம்' என்று ஒரே வார்த்தை எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வார்த்தையை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. மாமி இரண்டாவது டிகாக்ஷனுக்கு அப்புறம் ஆறே முக்காலை ஒட்டித்தான் எப்போதும் அமுக்குவார், நேரம் அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

நீ எனக்காகத்தான் செய்தாய் என்று சொல்வாய், அதை நான் நம்புகிறேன். அம்மாவை யாரும் விரல் நீட்டிப் பேசக்கூடாது என்று உனக்குத் தோன்றியிருக்கும். திங்கட்கிழமையும் கண்ணில் நின்றிருக்கும். இளவரசி அந்த நிமிஷத்தில் உன் நினைவிலேயே வந்திருக்க மாட்டாள், பழியைத் தூக்கி அவள் மேல் போட வேண்டும் என்று நீ நினைக்கவில்லை. ஆனால் விழுந்தது அவள் மேல்தான். நம் மேல் விழாமல் நாம் நகர்ந்துகொண்டால் அது வேறு எங்கே விழும் என்று நாம் பார்ப்பதே இல்லை. நானும் பார்க்கவில்லை, இதை உன்னிடம் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். வராந்தாவில் அந்தக் கவரைப் படித்துக்கொண்டு நின்ற நானும், அங்கே அந்த ஒரு வார்த்தையை எழுதிய நீயும் ஒன்றைத்தான் செய்தோம். உனக்குச் சாமர்த்தியம் அதிகம், அவ்வளவுதான். கருவியையும் நான் குறை சொல்ல மாட்டேன். அது என்னை ஒரு முறை கேட்டது, உன்னை ஒரு முறை கேட்டது. இரண்டு முறையும் நாம் அவசரத்தில் இருந்தோம்.

இனி நான் செய்ததையும் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறேன். இன்று காலை ஆப்பை நிறுத்திவிட்டேன். முப்பத்தெட்டு வீடுகளுக்கும் நானே போன் பண்ணி, நாளை முதல் காலையில் நாங்கள் கூப்பிடுவோம், எடுத்து ஒரு வார்த்தை பேசுங்கள் என்று சொன்னேன். பாதி எனக்கு, பாதி அப்பாவுக்கு. அப்பா பேனாவை எடுத்து அவர் பங்குப் பெயர்களை எழுதிக்கொண்டார். நாளை கூட்டத்தில் நான் எழுந்து, அமாவாசையன்று எல்லோருக்கும் பச்சை போடச் சொன்னது நான், அந்தக் கேள்வியைப் படிக்காமல் வெளியிட்டது நான், இளவரசியை நிதானமாக வரச் சொன்னது நான், நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான் என்று சொல்லப்போகிறேன். ஆறு ஐந்துக்கு வந்த போனையும் காட்டுவேன். இளவரசியும் கூட்டத்துக்கு வரவேண்டும் என்று ஜம்பு மாமாவிடம் கேட்டேன். 'அவ எதுக்கு? மெம்பரா?' என்றார். அவள் வராவிட்டால் நானும் வரவில்லை என்றேன். சரி, வரட்டும் என்று இறங்கி வந்தார். அச்சுதன் என் மேல் புகார் கொடுத்தால் கொடுக்கட்டும், அது நியாயமாகத்தான் இருக்கும்.

பதிவு எப்படி மாறியது என்று நிச்சயம் கேட்பார்கள். அதற்கு மட்டும் நான் பதில் சொல்லப்போவதில்லை. அது என் மகளுக்குத் தெரியும், அவளைக் கேளுங்கள் என்பேன். உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன், உனக்காக ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன், இந்த இரண்டுக்கும் நடுவில் இதற்கு மேல் எனக்கு இடம் தெரியவில்லை. அந்த வரியை நானே திருப்பி மாற்றியிருக்கலாம், கை அந்த இடம்வரைக்கும் போயிற்று. நீ மாற்றியதை நீதான் திருப்ப வேண்டும் என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை விஷயம் நீயும் உன் சிநேகிதர்களும் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் அவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த பிறகு செய்யுங்கள். இந்தப் பச்சையை வைத்துக்கொண்டு வெளியிடாதீர்கள், சென்னையிலும் மாதம் ஒரு அமாவாசை வரும். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும், கிடைக்கும்வரை இந்த வீடு இருக்கிறது. அப்பாவும் அதைச் சொல்லச் சொன்னார், அவர் வாயால் சொல்ல வரவில்லை.

உனக்கு ஒரு குறையும் வராமல், நீண்ட ஆயுளோடும், கண்ணாடியில் உன் முகத்தை நீயே தயங்காமல் பார்க்கக்கூடிய மனதோடும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். மாமிக்காக நீயும் வேண்டிக்கொள். கூட்டத்துக்கான இணைப்பை ஜம்பு மாமா உனக்கும் அனுப்புவார். இங்கே பதினொன்று என்றால் உனக்கு ஐந்தரை, ஐந்து மணிக்கே அலாரம் வைத்துக்கொள். முகம் கழுவிக்கொண்டு, விளக்கைப் போட்டு, முகம் தெரிகிற மாதிரி உட்கார். இங்கிலீஷில் ஆரம்பிக்காதே. தடுமாறினாலும் பரவாயில்லை, தமிழிலேயே சொல், இளவரசிக்கு ஒரு வார்த்தைகூட விடாமல் புரிய வேண்டும்.

உன்னை நினைத்தபடி இருக்கும்
அம்மா